உன் அப்பாவைப் பற்றி மேடையில் நீ சொன்னது

ஜோசப்,

காலாப்பட்டில் உன்னை வழியனுப்ப வைத்த கூட்டம் முடிவதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். உன் மனைவியிடம் தலை சுற்றுகிறது என்று சொன்னேன். தலையெல்லாம் சுற்றவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். நீ ராத்திரி போன் செய்து, "எப்படிம்மா இருந்துச்சு என் பிரசங்கம்?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சுப்பா" என்றேன். உன்னிடம் போனில் எதையும் முழுசாகச் சொல்ல எனக்கு வராது. நீ பேச ஆரம்பித்தால் நான் அடங்கிப்போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வாரம் வடக்கே ஊழியத்துக்குப் புறப்படுகிறாய். பாஷை தெரியாத ஊரில், உன் சாமியை அறியாத மனிதர்களிடம் பேசப் போகிறாய். அதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும்.

நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "என்னைப் பெத்த அப்பா இன்னைக்கு எங்க இருக்காரு தெரியுமா? அக்கினியில இருக்காரு. கடைசி மூச்சு வரைக்கும் ஆண்டவரை வேணாம்னு சொன்ன மனுஷன் வேற எங்க இருப்பாரு? நீங்களும் அங்கதான் போகப்போறீங்களா?" என்று கேட்டாய். கூட்டம் முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, நான் யாரென்று தெரியாமல், "பெத்த அப்பன்னு கூடப் பாக்காம உண்மையச் சொல்லுது பாருங்க அந்தப் புள்ள" என்று என் தொடையைத் தட்டினாள். அந்த வார்த்தைகளை உனக்கு யார் கொடுத்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

உன் அப்பா என்றால் உனக்கு அந்தக் கடைசி நாட்களின் நோயாளிதான் ஞாபகம் வருவார். அதற்கு முந்தைய மனுஷனைப் பற்றி நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. ஏழுமலை என்று பேர் வைத்திருந்த ஒருவரை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா அவரை வரச்சொல்லி, "மாதா கோயில்ல வந்து தாலி கட்டுவியா? பொறக்கிற புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்க விடுவியா?" என்று கேட்டார். "அதுக்கென்ன மாமா, குடுங்க. என்னைய மட்டும் மாத்தாதீங்க" என்றார் உன் அப்பா. அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் அவர் எங்களிடம் கேட்டார். உனக்கு ஜோசப் என்று பேர் வைத்ததும் அவரே அதைத் தமிழில் சூசை ஆக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குத் தலை வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, நம் இருவரையும் சைக்கிளில் வைத்துக் கோயிலில் கொண்டுவந்து இறக்குவார். பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் மட்டும் உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில், தொப்பலாக, எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்துகொண்டிருப்பார். மில்லை மூடிய பிறகு மைக் செட் கடையில் சேர்ந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர்தான் லைட் கட்டுவார், மாதா தேர்ப் பவனிக்கும் அவர்தான் கட்டுவார். "எந்தச் சாமிக்கு நல்லாக் கட்டுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எந்தத் தெருவுல கரெண்டு ஒழுங்கா வருதோ அந்தச் சாமிக்கு" என்றார்.

மில் மூடிய அந்த வருஷங்களில்தான் நான் கோயிலோடு சேர்த்து ஜெப வீட்டுக்கும் போக ஆரம்பித்தேன். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த வீட்டில் என்னை உட்காரவைத்து, என் கஷ்டத்தைக் கேட்டு, என் தலையில் கைவைத்து அழுதார்கள். அதுவரை யாரும் எனக்காக அழுததில்லை. ஜெபிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். மனிதர்களை இரண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் உன் அப்பா. ஒரே பாயில் படுத்துக்கொண்டு அப்படி நினைத்தேன். அவர் மாட்டியிருந்த முருகன் படத்தை ஒருநாள் கழற்றி, பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். "பிசாசோட படம் வீட்ல இருக்கக் கூடாது" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். "எங்கம்மா குடுத்த படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஜெப வீட்டில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போது நீ மூணாவது படித்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கும் ஊட்டினேன். ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வஞ்சிரம் வறுத்திருந்தேன். அப்பா முள்ளெடுத்து உன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நீ அவர் முகத்தைப் பார்த்து, "அப்பா, செத்தா நீ மட்டும் நெருப்புக்குப் போயிடுவியாமே, நாங்க வேற இடத்துக்குப் போவமாமே, அம்மா சொல்லிச்சு" என்றாய். அவர் சிரித்தார். "அப்படியா? அங்கயும் யாராவது லைட் கட்டணும்ல" என்றார். நீயும் சிரித்தாய். பிறகு அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை ஜோசப். தெருவில் தெரிந்த ஆள் என்று நினைத்துக் கூப்பிட்டு, திரும்பினால் வேறு யாரோ என்று தெரிந்ததும் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைக் கொண்டுபோய் விட்டார். ஆனால் மழை வந்தாலும் உள்ளே வருவதில்லை.

அவருக்கு வயிற்றில் வந்த கட்டி நல்ல கட்டி இல்லை என்று தெரிந்தபோது நீ பதினொன்றாவதுக்குப் போயிருந்தாய். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் போய்விடுவாரே என்பதைவிட, அப்படியே போய்விடுவாரே என்றுதான் அதிகம் பயந்தேன். இதைப் படிக்கும்போது உனக்குத் தவறாகத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் அன்பு என்று நானும் நினைத்தேன். அதில் அன்பு இல்லாமலும் இல்லை. ஒருநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் ஜெப வீட்டிலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ டியூஷனில் இருந்தாய். அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் சத்தமாக, "ஏழுமலை, இந்த நோய் ஏன் வந்துச்சு தெரியுமா? உன் பிடிவாதத்தால வந்துச்சு. வாசல் இன்னும் தொறந்திருக்கு, மூடிட்டா அவ்வளவுதான்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள். நர்ஸ் பெண் வந்து, "மெதுவாப் பேசுங்க, நோயாளிங்க தூங்குறாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். உன் அப்பா யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். நான் ஆமென் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "நீ மட்டும் வந்தாப் போதும்னு காலைல சொன்னேனே" என்றார். ஆமாம், சொல்லியிருந்தார். கொஞ்சம் பேசணும், நீ மட்டும் வா என்று சொல்லியிருந்தார். என்ன பேச நினைத்தார் என்று நான் அப்போது கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றார். இன்றுவரை எனக்குத் தெரியாது. பூசையிலோ ஜெபத்திலோ கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஆரோக்கியம் மாமா உனக்கு ஞாபகம் இருப்பார். நம் கோயில்காரர்தான், பாடல் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வருவார். பையில் ஷேவிங் செட் இருக்கும். ஜெப வீட்டார் வந்து போனதற்கு இரண்டொரு நாள் கழித்து அவர் வந்தபோது உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீயும் என்னைய மனந்திரும்பச் சொல்லத்தான் வந்தியா?" என்று கேட்டார். "மோவாயத் திருப்பிக் காட்டு மொதல்ல, கரடி மாதிரி இருக்க" என்றார் ஆரோக்கியம். நுரை போட்டு, கன்னத்தை இழுத்துப் பிடித்து, மெல்ல மழித்துவிட்டார். மில்லில் யார் யார் இருந்தார்கள், யார் பிள்ளை பாரீசுக்குப் போனான் என்று ஊர்க்கதை பேசினார். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆத்துமா போய்க்கொண்டிருக்கிறது, இந்த ஆள் மீசை திருத்திக்கொண்டிருக்கிறாரே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த அன்றைக்கு, முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு, உன் அப்பாவே கேட்டார். "ஆரோக்கியம், உங்க சாமிகிட்ட எனக்காக எதுனா சொல்றியா?"

"தெனம் சொல்றேனே."

"என்னா சொல்ற?"

"ராத்திரில இவனுக்கு வலி கொறையணும், கொஞ்சம் தூங்கணும்னு சொல்றேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்னா சொல்லணும்? எனக்குத் தெரிஞ்சது அதான்."

உன் அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. ஆரோக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கும் சொல்லு. மறந்துடாத" என்றார். அப்படியே பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். நான் அத்தனை வருஷமாகப் பயமுறுத்தியும் அழுதும் கேட்டு வாங்க முடியாத வார்த்தை அது. அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியாது. அதை வைத்து அவர் மனந்திரும்பிவிட்டார் என்று சாட்சி சொல்லவும் மாட்டேன், அப்படிச் சொன்னால் அதுவும் பொய். ஆனால் கடைசி மூச்சு வரை வேண்டாம் என்றார் என்று நீ சொன்னாயே, அது உண்மையில்லை. அவர் வேண்டாம் என்றது எங்களை. எங்கள் சத்தத்தை. இதை நான் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். ஜெப வீட்டில் சொன்னேன். "முறைப்படி விசுவாச அறிக்கை செஞ்சாரா? இல்லேன்னா கணக்கில்ல" என்றார்கள். சரி, கணக்கில்லை போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் இறந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அதை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. வீட்டு வாசலில் பாடை கட்டியாகிவிட்டது. சித்தப்பா வந்து, "தம்பி, வாப்பா, நீதான் கொள்ளி வைக்கணும்" என்று உன் தோளைத் தொட்டார். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உனக்குப் போக ஆசை. கால் முன்னால் வந்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன், கூடாது என்று. ஜெப வீட்டார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஆட்டினேனா, சாமிக்காக ஆட்டினேனா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீ தெருமுனைவரை வந்து நின்றுவிட்டாய். பாடை ஏற்றிய வண்டி திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றாய். சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். சொந்தக்காரர்கள் உன்னைக் கண்டபடி பேசினார்கள். சித்தப்பா தலை மொட்டையாக, ஈர வேட்டியோடு வந்து, "அவன யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. சின்னப் புள்ள. அப்பன் போன துக்கத்துல இருக்கான்" என்று எல்லோர் வாயையும் அடைத்தார். எனக்கு அன்று ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரும் நம் கணக்குப்படி அந்தப் பக்கத்து ஆள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. சொன்னால் கோபப்படாதே. அப்பா அக்கினியில் இருக்கிறார் என்று நீ நம்பித்தான் ஆகவேண்டும், இல்லையா? அது உண்மையாக இல்லாவிட்டால், அன்றைக்கு நீ தெருமுனையில் நின்றதற்கு என்ன அர்த்தம்? அதனால்தான் மேடை மேடையாக அதைச் சத்தம் போட்டுச் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். ராசா, நீ அதைச் சுமக்க வேண்டாம். நின்றது நீ இல்லை. நிறுத்தியது நான். அந்தப் பாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அதை நியாயப்படுத்த அப்பாவை இன்னொரு தடவை எரிக்காதே.

உன் கூட்டம் முடிந்த இரண்டாவது நாள் அப்பாவுக்குத் திதி. ஒவ்வொரு வருஷமும் சித்தப்பா போன் செய்து, "அண்ணி, வைத்திக்குப்பம் கடற்கரைல குடுக்கிறோம், முடிஞ்சா வாங்க" என்பார். நானும் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது காரணம் சொல்வேன். இந்த வருஷம் போனேன். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஐயர் சொன்னதைச் சொல்லிவிட்டுப் பிண்டத்தைக் கடலில் கரைத்தார். நான் கொஞ்சம் தள்ளி மணலில் நின்று எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டேன். யாரும் என்னை ஏன் அப்படிச் செய்கிறாய் என்றோ இப்படிச் செய் என்றோ சொல்லவில்லை. சின்னம்மா மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி நடக்கும்போது சித்தப்பா சொன்னார், "தம்பி பேசுனத போன்ல பாத்தேன் அண்ணி. யாரோ அனுப்பி வச்சாங்க. நல்லாப் பேசுறான். சின்ன வயசுல வாயே தொறக்க மாட்டான், இப்ப எவ்ளோ தைரியமாப் பேசுறான்."

"முழுசும் கேட்டீங்களா தம்பி?" என்றேன்.

"கேட்டேன் அண்ணி. முழுசும் கேட்டேன்." செருப்பில் ஒட்டிய மணலை உதறினார். பிறகு, "வடக்க போறானாமே. அங்க குளுரு அதிகமா இருக்கும், சொல்லுங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வேள நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்றார்.

நீ பேசியது தப்பு என்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

நீ ஊழியம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஜோசப். நான் விசுவாசத்தை விடவும் இல்லை. இறந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல், கூட வாழ்ந்த மனுஷனின் முகத்துக்கு நேரே சொன்னேன். அதனால் அவர் கடைசியாகச் சொல்ல நினைத்ததை நான் கேட்காமல் போனேன். நீ போகிற ஊரில் உனக்குச் சோறு போடப்போகிறவர்கள், வழி காட்டப்போகிறவர்கள், உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர்கள் எல்லாம் அப்பா மாதிரி ஆட்கள்தான். அவர்களும் உன்னிடம் ஏதாவது சொல்ல நினைப்பார்கள். அதைக் கேட்பதற்கு முன்னால் நீ பேசிவிடாதே.

புறப்படுவதற்கு முன்னால் சித்தப்பா வீட்டுக்குப் போ. நானும் வருவேன் என்று எதிர்பார்க்காதே, தனியாகப் போ. வேதப் புத்தகம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். அங்கே யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள். தட்டை வைத்துச் சோறு போடுவார்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்பார்கள். அதுதான் உனக்குத் தாங்கமுடியாமல் இருக்கும். இருந்தாலும் போ.

அம்மா